கம்பத்தில் கட்டிய வைஃபையும் கருகிப்போன சுவிட்சும்

போன வாரம் மறுபடியும் ஒரு பல்கலைக்கழக வளாகத்திலிருந்து அழைப்பு. ராத்திரி இடியோடு மழை, விடிந்ததும் விடுதிப் பக்கம் முழுக்க இணையம் இல்லை. மைதானத்து ஓரக் கம்பத்தில் இருந்த ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை அலையைப் பரப்பும் கருவி) செத்திருந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் நெட்வொர்க் கேபிள் வழியாகவே அதற்கு இணையமும் மின்சாரமும் கொடுத்த 24 போர்ட் நெட்வொர்க் சுவிட்சிலும் ஒன்பது போர்ட்டுகள் போய்விட்டன. ரேக் கதவைத் திறந்ததுமே கருகல் வாடை. இந்த ஆண்டில் இப்படி நான் பார்ப்பது இது நான்காவது. நான்கு இடத்திலும் வாங்கிய கருவியில் குறை இல்லை. கருவிக்கும் சுவிட்சுக்கும் நடுவில் இருக்கும் கேபிளைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

"ஐபி 67 என்று போட்டிருக்கே சார், அப்புறம் எப்படிப் போச்சு?" என்று அங்கிருந்த பொறுப்பாளர் கேட்டார். எங்கே போனாலும் இதே கேள்வி. ஐபி 67 என்றால் தூசி உள்ளே போகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பாதிப்பு வராது. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். இடியைப் பற்றியோ, கேபிள் வழியாக வருவதைப் பற்றியோ அந்த எண் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்று, அந்தத் தரம் கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் கிளாண்டை ஒழுங்காக மூடினால் மட்டும்தான் செல்லும். அந்தக் கம்பத்தில் கிளாண்டைக் கழற்றினேன். உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. ஸ்டோர் ரூமில் கருவி வந்த அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்தால், பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் அந்த வளையம் அப்படியே இருக்கிறது. கேபிளில் ஏற்கெனவே பிளக் அடித்துவிட்டார்கள், அதனால் வளையத்தைக் கோர்க்க முடியவில்லை, விட்டுவிட்டார்கள். தயவுசெய்து கிளாண்டையும் வளையத்தையும் முதலில் கோர்த்துவிட்டு, அப்புறம் பிளக்கை அடியுங்கள்.

கேபிள் முனையில் அடித்த ஆர்ஜே45 பிளக்கின் தங்க நிற ஊசிகள் பச்சையாகப் பூத்திருந்தன. ஈரமும் இருந்து, அதே ஊசிகளில் 48 வோல்ட் நேர்மின்சாரமும் ஓடினால் அரிப்பு மிக வேகமாக நடக்கும். மின்சாரம் போகாத கேபிளில் வருடக்கணக்கில் தாங்கும் ஈரம், இங்கே ஒரே மழைக்காலத்தில் வேலையை முடித்துவிடும்.

ஈரம் கேபிளுக்குள்ளேயே பயணம் செய்யும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. இன்னொரு வளாகத்தில், கேபிள் டையை வெட்டும்போது கத்தி மேல் உறையில் லேசாகப் பட்டிருக்கிறது. நகக்கீறல் அளவுதான். அதன் வழியே இறங்கிய மழைநீர் ஜோடிக் கம்பிகளுக்கு நடுவே ஊர்ந்து, மொட்டை மாடியிலிருந்து ரேக் வரை வந்து, சுவிட்ச் போர்ட்டின் வாயில் துளியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் கட்டடத்துக்குள் நுழைவதற்கு முன்னும் கருவிக்குள் நுழைவதற்கு முன்னும் கேபிளைக் கீழே வளைத்து ஒரு தொங்கல் விடச் சொல்கிறோம். வெளியில் வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போய்விடும். ஆனால் உறைக்குள் புகுந்த தண்ணீரைத் தொங்கல் தடுக்காது. அதற்கு, உள்ளே ஜெல் நிரப்பிய, வெயில் தாங்கும் கறுப்பு பாலிஎத்திலீன் உறை போட்ட வெளிப்புறக் கேபிள்தான் வேண்டும். அறைக்குள் போடும் சாதாரண பிவிசி கேபிள் வெயிலில் விறைத்து, வெடித்துவிடும்.

இப்போது எனக்கு மிகவும் ஆதங்கம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். "கட்டடத்தில் இடிதாங்கி இருக்கே, தனியா சர்ஜ் ப்ரொடெக்டர் எதுக்கு?" என்பார்கள். அடுத்த மூச்சில், "48 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது, எர்த் எதுக்கு?" என்பார்கள். இரண்டுமே தவறு. சர்ஜ் ப்ரொடெக்டர் என்பது கேபிளில் திடீரென ஏறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் சிறு கருவி.

இடிதாங்கி கட்டடத்துக்காக வைத்தது. மின்னலை வாங்கி, சுவர் பிளக்காமல், தீப்பிடிக்காமல் மண்ணுக்குள் இறக்கிவிடும். அது இறங்கும்போது அந்தப் பட்டையில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் மைக்ரோ விநாடிகளில் ஏறி இறங்குகிறது. பக்கத்தில் இணையாக ஓடும் எந்தக் கம்பியிலும் அது மின்னழுத்தத்தைத் தூண்டும். அதாவது இடிதாங்கிப் பட்டையை ஒட்டியே நெட்வொர்க் கேபிளைக் கட்டி இறக்கினால் ஆபத்தை நாமே பக்கத்தில் கூட்டி வைக்கிறோம். மின்னல் நம் கம்பத்தில் நேராக விழ வேண்டும் என்றுகூட இல்லை. சற்றுத் தள்ளி மரத்தில் விழுந்தாலே போதும், எண்பது தொண்ணூறு மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கேபிள் அதை ஆன்டெனா மாதிரி வாங்கிக்கொள்ளும். நெட்வொர்க் கேபிள் மாட்டும் ஈதர்நெட் போர்ட்டின் உள் காப்பு 1500 வோல்ட் தாங்கும் என்ற தரத்தில் செய்யப்பட்டது. வருவதோ அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். அது கருவியைக் கொல்லும், எதிர்முனைக்கு ஓடி சுவிட்சையும் கொல்லும். ஒன்பது போர்ட்டுகள் போனது இப்படித்தான்.

எர்த் ஷாக்குக்காக மட்டும் இல்லை. பாய்ந்து வந்த மின்சாரத்தைத் திருப்பிவிட ஒரு வழி வேண்டும், அந்த வழிதான் எர்த். சர்ஜ் ப்ரொடெக்டர் இரண்டு இடத்தில் வேண்டும்: கருவிக்குப் பக்கத்தில் ஒன்று, கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒன்று. பி.ஓ.இ. மின்சாரத்தை, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே கருவிக்குப் போகும் மின்சாரத்தை, கடத்தும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். எர்த் கம்பி தடிமனாக, குட்டையாக, முடிந்தவரை நேராகப் போக வேண்டும். கட்டடத்தின் முதன்மை எர்த்தோடு அது இணைந்திருக்க வேண்டும். தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்து அதோடு நிறுத்திவிட்டால், இடி நேரத்தில் இரண்டு எர்த்துக்கும் நடுவே உண்டாகும் மின்னழுத்த வித்தியாசம் உங்கள் கருவி வழியாகத்தான் பாயும். போன வாரம் பார்த்த இடத்தில் ப்ரொடெக்டர் இல்லை என்று நினைத்தீர்களா? இருந்தது. அதன் பச்சை எர்த் கம்பியை அழகாகச் சுருட்டி, டை போட்டுக் கட்டி, எதிலும் இணைக்காமல் விட்டிருந்தார்கள். பார்த்ததும் மனசு விட்டுப்போனது.

ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செப்புக் கேபிள் இழுக்கவே இழுக்காதீர்கள். ஃபைபர் போடுங்கள். செப்புக் கேபிளுக்கு உள்ள நூறு மீட்டர் எல்லையும் தடையாக இருக்காது, கண்ணாடி இழை இடியையும் கடத்தாது.

மின்சாரக் கணக்கிலும் இதே அலட்சியம்தான். 2003-ல் வந்த 802.3ஏஎஃப் என்ற பி.ஓ.இ. தரத்தில் சுவிட்ச் 15.4 வாட் கொடுக்கும். 2009-ன் ஏடி 30 வாட், 2018-ன் பிடி அதிகபட்சம் 90 வாட். இது சுவிட்சில் கிளம்பும் கணக்கு. ஏடி தரத்தில் கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது 25.5 வாட், மீதி 4.5 வாட் வழியில் கேபிளிலேயே சூடாகப் போகலாம் என்று தரமே ஒதுக்கி வைத்திருக்கிறது. இது நல்ல செப்புக் கேபிளுக்கு. அலுமினியத்துக்குச் செப்பு முலாம் பூசிய கேபிளை மலிவு என்று போட்டால் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பகலில் ஓடும், மாலையில் மாணவர்கள் கூடி லோடு ஏறியதும் கருவி தானாக ரீபூட் ஆகும். நீங்கள் மென்பொருளைச் சந்தேகப்பட்டு ஒரு மாதம் வீணாக்குவீர்கள். கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அந்தச் சுருளைத் திருப்பி அனுப்புங்கள். சுவிட்சின் மொத்த வாட் கணக்கையும் போடுங்கள்: 370 வாட் சுவிட்சில் 24 போர்ட் இருந்தாலும், 30 வாட் வீதம் பன்னிரண்டு போர்ட்டுக்குத்தான் வரும்.

தெருவிளக்குக் கம்பத்தில் மின்சாரம் இருக்கிறதே என்று அதிலிருந்து எடுத்தவர்களும் உண்டு. அந்த லைன் டைமரில் ஓடுகிறது, பகலில் மின்சாரமே வராது. வேறு வழியில்லாமல் கம்பத்திலேயே இன்ஜெக்டர் (சுவிட்சுக்குப் பதிலாகக் கேபிளில் மின்சாரம் ஏற்றும் சிறு பெட்டி) வைப்பதானால், அது அறைக்குள் வைக்கும் பொருள் என்பதை மறக்க வேண்டாம். மழை புகாத, காற்றோட்டமுள்ள வெளிப்புறப் பெட்டி, எர்த் கசிவைத் துண்டிக்கும் பிரேக்கர், உரிமம் பெற்ற மின்பணியாளர் மூன்றும் வேண்டும். 24 வோல்ட் பாசிவ் கருவியில் 48 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டரை மாட்டாதீர்கள். பாசிவ் இன்ஜெக்டர் கருவிக்கு என்ன வேண்டும் என்று பேசிப் பார்த்துக் கொடுக்காது, மாட்டியதும் மின்சாரத்தைத் தள்ளிவிடும்.

கேபிள் வேலை செய்யும் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். கிளாண்டை மூடுவதற்கு முன்னால் ஒன்று, மூடிய பின் ஒன்று, எர்த் இணைப்பில் ஒன்று, மூன்று படம் எடுத்து அனுப்புங்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் யார் அவசரப்படுத்தினாலும் ஏணியில் ஏறாதீர்கள், மாடியில் நிற்பவர்களும் இறங்கிவிடுங்கள். வளாகப் பொறுப்பாளர்கள் மழைக்காலம் தொடங்கும் முன் ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு பிளக்கையாவது கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசியில் பச்சை தெரிந்தால் துடைத்து மாட்டாமல், ஈரம் ஏறாத இடம் வரை கேபிளை வெட்டிவிட்டுப் புது பிளக் அடியுங்கள். அப்படி வெட்டிய இடத்திலும் ஈரம் தெரிந்தால் கேபிளையே மாற்றுங்கள்.