எந்த மாதத்தில் போய்க் கேட்டீர்கள்?

உணவுப் பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கை ஒன்று கைக்கு வந்தால், அதன் முடிவுகளைப் படிக்குமுன் களப்பணி எந்த மாதத்தில் நடந்தது என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். பல அறிக்கைகளில் அது பின்னிணைப்பில் ஒளிந்திருக்கும். சிலவற்றில் இருக்கவே இருக்காது. அறுவடை முடிந்த மூன்றாம் வாரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்திடம் சாப்பாட்டுக்குக் குறையுண்டா என்று கேட்டால் கிடைக்கும் பதிலும், விதைத்து முடித்துப் பயிர் இன்னும் பூக்காத நாட்களில் அதே குடும்பம் சொல்லும் பதிலும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும். இரண்டுமே உண்மையாகவும் இருக்கும்.

இந்தப் பழக்கம் எனக்கு ஒரு தவறிலிருந்து வந்தது. பணியின் தொடக்க ஆண்டுகளில் நான் இடம்பெற்றிருந்த குழு, மண் பாதைகள் மட்டுமே உள்ள ஒரு பகுதிக்கு, மழை நின்று வண்டி போகத் தொடங்கிய பிறகு சென்றது. பாதை காயும் காலமும் களத்தில் தானியம் குவியும் காலமும் அங்கே ஒன்றுதான் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. பெரும்பாலான வீடுகள் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டோம். சில மாதங்கள் கழித்து வேறொரு வேலையாக நான் அங்கே போனபோது, முன்பு பார்த்த வீடுகள் பலவற்றில் பகலில் அடுப்பு மூட்டப்படவில்லை. அப்போதே ஏன் சொல்லவில்லை என்று ஒரு மூதாட்டியிடம் கேட்டேன். "அன்றைக்கு இருக்கிறதா என்றுதானே கேட்டீர்கள், இருந்தது, இருக்கிறது என்றோம்" என்றார்.

1996ஆம் ஆண்டு ரோம் நகரில் நடந்த உலக உணவு உச்சி மாநாடு ஏற்றுக்கொண்ட வரையறை, எல்லா மக்களுக்கும் எல்லாக் காலங்களிலும் போதுமான, பாதுகாப்பான, சத்துள்ள உணவு எட்டும் நிலையையே உணவுப் பாதுகாப்பு என்கிறது. உணவு கிடைத்தல், அதை வாங்கும் வசதி, உடல் அதைப் பயன்படுத்திக்கொள்ளுதல் ஆகிய மூன்றையும் அளக்கும் நாம், 'எல்லாக் காலங்களிலும்' என்ற சொற்களில் அடங்கியிருக்கும் நான்காவது தூணான நிலைத்தன்மையைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம்.

பருவகாலப் பசி வெறும் தானியக் குறைவால் மட்டும் வருவதில்லை. சேமிப்பு தீரும் மாதங்களில்தான் சந்தை விலை உச்சத்தில் இருக்கும். அதே மாதங்களில்தான் உழவும் களையெடுப்புமாக உடலுழைப்பு மிகுந்திருக்கும். மழைக்காலம் என்றால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும். தாய் விடியலிலேயே வயலுக்குப் போய்விடுவதால் கைக்குழந்தைக்கு ஊட்ட ஆளிருக்காது. நோயாளி ஒருவரால் வேலைநாட்கள் வீணானால், அடுத்த வெள்ளாமையே சுருங்கும். இவற்றுக்கெல்லாம் முன்னால் கடன் நிற்கிறது. விதைப்பு நாளில் வாங்கிய பணத்தை அறுவடையன்றே அடைக்க வேண்டியிருப்பதால், விலை மிகவும் தாழ்ந்திருக்கும் வாரத்தில் குடும்பம் தானியத்தை விற்கிறது. சில மாதங்கள் கழித்து அதே தானியத்தைக் கூடுதல் விலைக்கு, பெரும்பாலும் மீண்டும் கடனுக்கே, வாங்குகிறது. சிறு விவசாயிகளில் கணிசமானோர் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் விற்பதைவிட அதிகமாக உணவை வாங்குபவர்களே என்பதை, விளைச்சலை மட்டும் எண்ணும் மதிப்பீடு காட்டாது.

நம்மிடமுள்ள கருவிகள் குறைந்தவையல்ல, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சன்னல் உண்டு. ஐ.நா. அமைப்பான உலக உணவுத் திட்டம் பயன்படுத்தும் உணவு நுகர்வு மதிப்பெண் கடந்த 7 நாட்களை மட்டுமே பார்க்கிறது. முதன்மை உணவுக்கு 2, பருப்பு வகைக்கு 3, காய்கறிக்கு 1, பழத்துக்கு 1, இறைச்சி, மீன், முட்டைக்கும் பாலுக்கும் தலா 4, எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் தலா அரை என எடை கொடுத்து, உண்ட நாட்களால் பெருக்கிக் கூட்ட வேண்டும். தானியம் 7 நாள், பருப்பு 2 நாள், காய்கறி 3 நாள், எண்ணெய் 5 நாள் உண்ட வீட்டுக்கு 25.5 வரும், வழக்கமான அளவுகோலில் 21க்கும் 35க்கும் இடைப்பட்ட எல்லைக்கோட்டு நிலை அது. பருப்பு நின்று, காய்கறி 2 நாளாகக் குறைந்தால் 18.5 ஆகி அந்த வீடு மோசமான நிலைக்குச் சரிந்துவிடும். இந்தச் சரிவு எந்த மாதத்தில் நிகழ்கிறது என்பதை ஒற்றை வாரத்துக் கேள்வி சொல்லாது. அதனால் கடந்த 12 மாதங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, எந்தெந்த மாதத்தில் உணவு போதவில்லை என்று கேட்கும் எளிய முறையை நான் எப்போதும் சேர்த்துக்கொள்கிறேன்.

மதிப்பெண் நன்றாக இருக்கும் வீட்டிலும் அடுத்த கேள்வி காத்திருக்கிறது: எதைக் கொடுத்து அந்தச் சோற்றை உண்கிறார்கள்? சேமிப்பைக் கரைப்பதும் கைமாற்று வாங்குவதும் மீளக்கூடியவை. பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதும், விதைக்கென வைத்த தானியத்தைச் சமைப்பதும், கருவிகளை விற்பதும் அடுத்த பருவத்தின் வருவாயையே அரிப்பவை. நிலத்தையோ, மந்தையை மீண்டும் பெருக்க வேண்டிய கடைசிப் பெண் கால்நடையையோ விற்ற குடும்பம் எளிதில் மீளாது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி விதையைக் காத்த வீடு நம் அட்டவணையில் 'மோசம்' என்று பதிவாகும். விதையைத் தின்ற வீடு அந்த வாரம் 'பரவாயில்லை' என்று பதிவாகும். நுகர்வையும் சமாளிப்பு வழிகளையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்காவிட்டால் இந்தத் தலைகீழ் நம் கண்ணில் படாது.

பருவ நாட்காட்டி வரைவதில் நான் கற்றுக்கொண்டது, அதை ஜனவரியில் தொடங்கக் கூடாது என்பது. ஊரார் ஆண்டு எங்கே தொடங்குவதாக எண்ணுகிறார்களோ, அது முதல் மழையோ உழவோ, அங்கிருந்து தொடங்கினால் பேச்சு தானாக வரும். தரையில் பன்னிரண்டு கட்டங்கள் போட்டு, கூலி வேலை, கடன், நோய், வெளியூர்ப் பயணம், தானிய இருப்பு ஒவ்வொன்றுக்கும் கூழாங்கற்களைக் குவிக்கச் சொல்வோம். ஆண்களையும் பெண்களையும் நிலமற்றவர்களையும் தனித்தனியாக அமர்த்துவது அவசியம். ஆண்கள் நான்கு கல் வைத்த கட்டத்தில் பெண்கள் ஒன்று மட்டும் வைத்த நாளில்தான், கடைசியாகச் சாப்பிடுபவருக்கு இருப்பு முன்னதாகவே தீர்ந்துவிடுகிறது என்பது எங்களுக்கு விளங்கியது.

இரண்டு மதிப்பீடுகளை ஒப்பிடுவோர் பருவத்தைச் சரிபார்க்க வேண்டும். பசி மாதத்தில் தொடக்க ஆய்வும் அறுவடைக்குப் பின் இறுதி ஆய்வும் நடந்தால், ஒன்றுமே செய்யாத திட்டம்கூட வெற்றி பெற்றதாகத் தெரியும். இது எப்போதும் அறியாமையால் நடப்பதாக நான் நம்பவில்லை.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால், பாதிப்பின் கடுமையை அறியப் பசி மாதத்திலும், முன்கூட்டி எச்சரிக்க அறுவடை முடிந்தவுடனும் போகலாம். இரண்டாவதற்குத் தேவையான கணக்கு கடினமானதன்று. திட்டமிடலில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி என்பது வழக்கமான அளவு. ஒரு கிலோ தானியம் சுமார் 3,500 கிலோகலோரி தரும் என்று கொண்டால், தானியத்தை மட்டுமே நம்பும் ஒருவருக்கு நாளைக்கு 600 கிராம் வேண்டும். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 108 கிலோ. கடனுக்கும் விதைக்கும் குத்தகைக்கும் போக 500 கிலோ மிஞ்சினால் அது நான்கரை மாதத்துக்குச் சற்று மேல் வரும். அடுத்த அறுவடைக்கு எட்டு மாதம் இருந்தால், மீதி மூன்று மாதச் சொச்சத்துக்குக் கூலியா, கால்நடையா, வெளியூர் வேலையா, எது கைகொடுக்கப்போகிறது என்பதைத் தானியம் வீட்டில் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதிவிட முடியும்.