ஊசியைக் கேட்கிறோம், உறவைக் கேட்கிறோமா?

போதை சிகிச்சைக்கு வருபவரிடம் எச்.ஐ.வி. பற்றிய பேச்சு ஊசியில் தொடங்கி, பெரும்பாலும் ஊசியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி மட்டுமல்ல, கரைக்கும் தண்ணீர், கரண்டி, வடிகட்டும் பஞ்சு எதையும் பகிரக் கூடாது என்பது இன்று பலருக்கும் தெரியும். தாம்பத்தியம், வெளித்தொடர்பு என்று கேள்வி திரும்பினால்தான் இரு பக்கமும் நெளிகிறோம்.

ஹெராயின் பழக்கத்தில் காம இச்சை மங்கிவிடும். "எங்களுக்குள்ள அதெல்லாம் எப்பவோ நின்னுபோச்சு டாக்டர்" என்பார்கள், உண்மைதான். ஹெராயினுக்கு மாற்றாகச் சிகிச்சையில் தரும் புப்ரினார்ஃபின், மெத்தடோன் போன்ற மருந்துகளில் உடம்பு நிலைக்கு வந்ததும் ஆசை பலருக்குத் திரும்பிவிடும். ஆணுறை பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது.

அப்படித் தேறி வந்த ஒருவர் கேட்டார்: "ஊசி போட்டதே அவளுக்குத் தெரியாது. இப்பப் போய் காண்டம்னு நின்னா சந்தேகப்பட மாட்டாளா?" என் மேல் பழியைப் போடச் சொன்னேன்: "டெஸ்ட் எடுக்கணும், முடிவு வர்ற வரைக்கும் டாக்டர் போடச் சொல்லியிருக்கார்." பொய்யும் இல்லை. தொற்றிய உடனே எடுத்தால் பரிசோதனை காட்டாது. 3 மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

மெத் (மெத்தாம்ஃபெட்டமின்) போன்ற ஊக்கப்போதை நேர்மாறு. உறவு மணிக்கணக்கில் நீளும், ஈரம் வற்றும், உள்தோலில் கீறல் விழும், ஆணுறையும் கிழியும். தண்ணீர் சார்ந்த வழவழப்பு ஜெல் கட்டாயம் வேண்டும். எண்ணெயும் வாசலினும் லேடெக்ஸ் உறையைக் கெடுத்துவிடும். போதை ஏறிய பிறகு தேடினால் கைக்கு எதுவும் கிடைக்காது; முன்னாலேயே எடுத்து வையுங்கள்.

பெண்கள் நிலை இன்னும் சிக்கல். பல ஜோடிகளில் ஊசியைப் போட்டுவிடுபவன் அவன். அவன் போட்ட பிறகுதான் அவள் முறை. அவளிடம் போய் "ஆணுறை போடச் சொல்லும்மா" என்பது வெறும் உபதேசம். அவன் சம்மதத்துக்குக் காத்திராமல் அவளே எடுத்துக்கொள்ளக்கூடிய, எச்.ஐ.வி. தொற்றாமல் முன்கூட்டியே தடுக்கும் பிரெப் மாத்திரையைப் பற்றிச் சொல்வது பலன் தரும். கருத்தடைக்கோ மற்ற பால்வினை நோய்களுக்கோ அது உதவாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

துணைக்கு எச்.ஐ.வி. இருந்து, கூட்டு மருந்தால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகப் பரவாது. இந்த உறுதியை ஊசிப் பகிர்வுக்கு நீட்டிவிடாதீர்கள்.

இரவு என்ன நடந்தது என்றே நினைவில்லையா? அப்படியே வந்து சொல்லுங்கள், போதும். தொற்றுக்கு வாய்ப்பு நேர்ந்த பிறகு எச்.ஐ.வி.யைத் தடுக்க எடுக்கும் பெப் மருந்தை, நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். போதை தெளியட்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.