கண்ணாடி போன்ற படம் யாருக்கு வேண்டும்?

கேட்டிருந்தது நெஞ்சு எக்ஸ்ரே. குழந்தையோ ஒரு கிலோகூட இல்லாத குறைமாதக் குழந்தை. வந்திருந்த படத்தில் தாடையிலிருந்து முழங்கால் வரை எல்லாம் இருந்தது, ஓரத்தில் காலைப் பிடித்திருந்த செவிலியரின் விரல்களும் மோதிரமும் உட்பட. "கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது சார்" என்று டெக்னீஷியனுக்குப் போனில் பெருமை வேறு. இப்படி வருவது முதல்முறை என்றால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

படம் தெளிவாக இருந்தால் சரியாக எடுத்ததாக அர்த்தம் என்ற நம்பிக்கையைத்தான் முதலில் விட வேண்டும். பிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்துப்போகும், குறைந்தால் வெளுத்துப்போகும். தப்பு உடனே தெரிந்துவிடும். டிஜிட்டலில் கணினி எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடுகிறது. தேவைக்கு இரு மடங்கு கதிர் பாய்ந்தாலும் திரையில் அதே கறுப்பு வெளுப்புதான். சொல்லப்போனால் புள்ளிகள் குறைந்து இன்னும் அழகாகவே தெரியும். கதிர் குறைந்தால் படம் மணல் தூவியதுபோல் இருக்கும். வார்டிலிருந்து உடனே புகார் வரும். கூட்டி எடுத்ததற்காக எந்த டாக்டரும் கோபித்துக்கொண்டதில்லை. அப்படியிருக்க டெக்னீஷியன் என்ன செய்வார்? அடுத்தமுறை கொஞ்சம் கூட்டுவார். நாளடைவில் அதுவே அந்த மெஷினின் வழக்கமான அளவாகிவிடும்.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் படத்தோடு ஓர் எண் வருகிறது. டீவியேஷன் இண்டெக்ஸ், அதாவது கதிர் சரியான அளவிலிருந்து எவ்வளவு விலகியது என்ற எண், காட்டும் மெஷின் என்றால் 0 சரியான அளவு. +3 என்றால் இரு மடங்கு, −3 என்றால் பாதி. பழைய மெஷின்களில் கம்பெனிக்கு ஒரு கணக்கு; சிலவற்றில் கதிர் கூடக்கூட எண் குறையும். உங்கள் மெஷினின் கணக்கு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு குறைக்கவும் கூடாது. நுரையீரல் முதிராத குழந்தையின் படத்தில், அதைப் படித்துச் சொல்லும் ரேடியாலஜிஸ்டுகளான நாங்கள் தேடுவதே நுண்ணிய புள்ளிகளைத்தான். கதிர் போதாத படத்திலும் அதே மாதிரிப் புள்ளிகள் வரும். எது நோய், எது படக்கோளாறு என்று குழம்பி மறுபடியும் எடுத்தால் மிச்சம் பிடித்தது போயிற்று. மூச்சுக்குழாய் டியூபின் நுனியோ தொப்புள் வழி போட்ட குழாயின் நுனியோ எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்கக் கொஞ்சம் மணல் இருந்தாலும் பரவாயில்லை. படம் கேட்கும் டாக்டர்களே, எதைப் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதுங்கள்.

பெற்றோர் பயப்பட வேண்டாம். ஒழுங்காக எடுத்த ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர், நாம் எல்லோரும் இயற்கையிலிருந்து சில நாட்களில் பெறும் அளவுதான். ஆனால் குறைமாதக் குழந்தைக்கு ஒரு படத்தோடு முடிவதில்லை.

எடுப்பவர்களுக்கு: கதிர் விழும் பரப்பைக் கட்டுப்படுத்தும் கோலிமேட்டரை நெஞ்சளவுக்குக் குறுக்குங்கள், அதற்குக் காசு செலவில்லை. எடுத்த பிறகு மவுஸால் வெட்டினால் பட்ட கதிர் திரும்பி வராது. சிதறும் கதிரைத் தடுக்கும் கிரிட் வேண்டவே வேண்டாம். 1996ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்வது மின்னழுத்தம் 60 முதல் 65 கிலோவோல்ட், கதிர் பாயும் நேரம் 4 மில்லிசெகண்டுக்குள். ஒரு கிலோ குழந்தைக்குத் தோலில் படும் அளவுக்கு 80 மைக்ரோகிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) என்று ஒப்பீட்டு வரம்பும் வைத்திருக்கிறது. குழந்தையின் தலையை நேராக வையுங்கள். தாடை நெஞ்சில் இடித்தால் டியூப் கீழே இறங்கியதுபோல் காட்டும். ஈசிஜி ஒயரை ஓரமாக ஒதுக்குங்கள். இன்குபேட்டர் மூடியின் ஓட்டை நுரையீரலுக்கு நேர் மேலே வந்தால் வட்டமான காற்றுக்குமிழி போலத் தெரியும், அதற்கும் ஒருமுறை மறுபடி எடுக்கச் சொல்வார்கள். பிடிப்பவர் லெட் ஏப்ரன் போட்டுக்கொண்டு, விரலைக் கதிருக்கு வெளியே வைத்தால் போதும். மற்றவர்கள் இரண்டு மீட்டர் விலகி நில்லுங்கள். வார்டையே காலி செய்துகொண்டு ஓட வேண்டியதில்லை.

குழந்தை மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். "படம் தெளிவாக இல்லை" என்று டெக்னீஷியனை அழைப்பதற்கு முன், எது தெரியவில்லை என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல நேரம் அது அந்தப் படத்திலேயே இருக்கும்.