கணையம் தன்னையே செரிக்கும்போது

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே கிடக்கிறது கணையம். நீளம் ஒரு சாண்கூட இருக்காது. இன்சுலின் சுரக்கும் உறுப்பு என்றுதான் பலருக்கும் அதைத் தெரியும். ஆனால் அதன் பெரும்பகுதிக்கு வேறு வேலை. சோறு, பருப்பு, எண்ணெய், கறி எல்லாவற்றையும் உடைக்கிற செரிமானச் சாற்றை நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புகிறது.

கறியைக் கரைக்கும் சாறு, அதைச் சுரக்கும் உறுப்பை மட்டும் எப்படி விட்டுவைக்கிறது? புரதத்தை வெட்டும் டிரிப்சின் கணையத்துக்குள் இருக்கும்வரை டிரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவில்தான் இருக்கும். சிறுகுடலுக்குள் போன பிறகு, குடல் சுவரில் உள்ள இன்னொரு நொதி அதன் ஒரு முனையை வெட்டிவிட, அப்போதுதான் வேலை தொடங்கும். அதற்கு முன்பே ஒன்றிரண்டு விழித்துக்கொண்டால் அடக்கிவைக்க ஒரு தடுப்புப் புரதமும் கணையத்திலேயே உண்டு. இந்தக் காவலையும் மீறி டிரிப்சின் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொள்வதுதான் கணைய அழற்சி. விழித்த டிரிப்சின் மற்ற நொதிகளையும் எழுப்பிவிடும். கணையம் தன்னையே செரித்துக்கொள்கிறது என்று ஆஸ்திரிய நோயியல் மருத்துவர் ஹான்ஸ் கியாரி 1896இலேயே சொன்னார்.

தூண்டிவிடுபவை பெரும்பாலும் இரண்டு: பித்தப்பைக் கல், மது. பித்தக்குழாயும் கணையக்குழாயும் சிறுகுடலில் திறக்கிற இடம் பொதுவாக ஒன்றுதான். பித்தப்பையிலிருந்து நழுவிய கல் அங்கே வந்து சிக்கினால் கணையச் சாறு தேங்கிவிடும். பெரிய கல்லைவிடச் சின்னக் கற்களே இதில் ஆபத்தானவை, ஏனென்றால் அவைதான் எளிதில் நழுவும். அப்புறம், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஒரு டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டினாலும் இந்த நோய் வரலாம். அப்படிப்பட்டவரின் ரத்தத்தைச் சோதனைக் குழாயில் கொஞ்ச நேரம் வைத்தால் தெளிந்து நிற்கும் பகுதி பால் போல வெளுத்திருக்கும்.

வலியை அடையாளம் காண்பதுதான் முதல் வேலை. மேல்வயிற்றின் நடுவில் பிடித்து, முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். வாந்தி எடுத்தும் ஆறுதல் கிடைக்காது. இதைக் 'கேஸ்' என்று நினைத்து, சோடாவும் அசிடிட்டி மாத்திரையுமாக ராத்திரியை ஓட்டுவதுதான் நம் ஊர் வழக்கம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாரடைப்பும் இதே இடத்தில் வலிக்கலாம் என்பதால், எப்படிப் பார்த்தாலும் காத்திருக்கக்கூடாத வலி இது. மருத்துவமனையில் ஈசிஜியும் எடுப்பார்கள்.

வலியின் தன்மை, ரத்தத்தில் லைபேஸ் அல்லது அமிலேஸ் என்ற கணைய நொதி இயல்பின் மேல் எல்லையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருப்பது, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் நோய் உறுதி. லைபேஸ் 2000 என்று அறிக்கையில் பார்த்ததும் வீட்டார் பதறிப்போகிறார்கள். அந்த எண்ணின் உயரத்துக்கும் நோயின் கடுமைக்கும் தொடர்பில்லை. மூச்சு, ரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு, இவைதான் கடுமையைச் சொல்லும். நுரையீரலோ சிறுநீரகமோ தளர்ந்து, 48 மணி நேரம் தாண்டியும் தேறாவிட்டால் நோய் கடுமையானது. ஐந்தில் நான்கு பேருக்கு அந்த நிலை வருவதில்லை, ஒரு வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள்.

சரி, சிகிச்சை? விழித்துவிட்ட நொதியை நிறுத்த இன்றுவரை மருந்து கிடையாது. வலியைத் தணித்து, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, உடல் தானே மீள நேரம் வாங்கிக் கொடுக்கிறார்கள். எதை எவ்வளவு, எப்போது என்பதில்தான் மருத்துவம் நிறைய மாறியிருக்கிறது. கணையத்துக்கு ஓய்வு வேண்டுமென்று முன்பு நாள்கணக்கில் பட்டினி போட்டார்கள். பட்டினி கிடக்கும் குடலின் சுவர் பலவீனமாகி, கிருமிகள் அதைத் தாண்டி உள்ளே போக வழியாகிறது என்று பிறகு தெரிந்தது. இப்போது முடிந்தவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள்ளேயே சாப்பாடு கொடுக்கத் தொடங்குகிறார்கள். திரவத்திலும் அப்படித்தான். நிறைய ஏற்றினால் நல்லது என்ற நம்பிக்கையை இந்தியா உட்பட நான்கு நாடுகளில் நடந்த ஒரு சோதனை 2022இல் உடைத்தது. வேகமாக ஏற்றியவர்களில் 20.5 விழுக்காட்டினருக்கும், அளவாக ஏற்றியவர்களில் 6.3 விழுக்காட்டினருக்கும் உடலில் நீர் மிகுந்துபோனதால் சோதனையையே பாதியில் நிறுத்தினார்கள்.

கணையத்தின் ஒரு பகுதி அழுகிக் கிருமி தொற்றினாலும் உடனே வயிற்றைத் திறப்பதில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்து, கூடியவரை நான்கு வாரம் பொறுத்து, அழுகிய பகுதியைச் சுற்றிச் சுவர் உருவான பிறகு குழாய் வைத்து வடிப்பார்கள். 2010இல் வெளியான ஒரு டச்சு ஆய்வில், இப்படிச் செய்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் குழாயே போதுமாக இருந்தது.

பித்தக்கல்லால் வந்த லேசான அழற்சியில் அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. வலி போய்விட்டது, பித்தப்பை அறுவையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் பலர். அதே டச்சு நாட்டில் 2015இல் வந்த இன்னொரு ஆய்வில், அப்படிக் காத்திருந்தவர்களில் 17 விழுக்காட்டினர் மறுபடி கல் தொல்லையால் மருத்துவமனைக்கு வந்தார்கள் அல்லது இறந்தார்கள். வீடு திரும்பும் முன்பே பித்தப்பையை எடுத்துக்கொண்டவர்களில் அது 5 விழுக்காடு.