இன்ஃப்ளூயன்சர்: தமிழில் செல்வாக்காளர்

இன்ஸ்டாகிராமிலோ யூடியூபிலோ தனக்கென ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, எதை வாங்குவது, எதை உடுத்துவது, எங்கே சாப்பிடுவது என்று அந்தக் கூட்டத்துக்குச் சொல்கிறவரை இன்ஃப்ளூயன்சர் என்கிறோம். யாருக்கு ஓட்டுப் போடுவது என்பதும் இப்போது அதில் சேர்ந்துவிட்டது.

சொல்லின் வேர் லத்தீன். 'இன்' என்றால் உள்ளே, 'ஃப்ளூவெரே' என்றால் பாய்தல். நட்சத்திரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று மனிதருக்குள் பாய்ந்து குணத்தையும் விதியையும் மாற்றுகிறது என்று இடைக்கால ஐரோப்பாவில் நம்பினார்கள். அந்தப் பாய்ச்சலின் பெயர்தான் இன்ஃப்ளூயன்ஸ். இன்ஃப்ளூயன்சா காய்ச்சலின் பெயரும் இத்தாலி வழியாக இதே வேரிலிருந்து வந்ததுதான்.

தமிழில் இதற்குச் 'சமூக வலைதளப் பிரபலம்' என்றும் 'தாக்கம் செலுத்துபவர்' என்றும் எழுதுகிறார்கள். முதலாவது, ஆள் பலருக்குத் தெரிந்தவர் என்பதோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது நீளம். 'செல்வாக்காளர்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. செல் + வாக்கு = செல்வாக்கு. அதாவது, செல்லுபடியாகும் சொல். 'இந்த நோட்டு செல்லாது', 'செல்லாத ஓட்டு' என்று நாம் சொல்கிற அதே 'செல்'. வாக்கு வடமொழி வழி வந்தது என்றாலும், அருள்வாக்கு, வாக்குக் கொடுத்தல், வாக்குச்சாவடி என்று தமிழில் ஊறிப்போன சொல். பேச்சுக்கும் ஓட்டுக்கும் ஒரே சொல் இருப்பதால், தேர்தல் பற்றி எழுதும்போது இது கச்சிதமாக உட்காருகிறது.

பிரபலம் வேறு, செல்வாக்கு வேறு என்பதைக் கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் தேர்தலிலேயே பார்த்துவிட்டன. 1991-ல் பர்கூரில் வென்ற ஜெயலலிதா முதலமைச்சரானார். 1996-ல் முதலமைச்சராக இருந்தபடியே அதே பர்கூரில் நின்று, தி.மு.க.வின் இ.ஜி.சுகவனத்திடம் தோற்றார். அவர் முகம் தெரியாத வீடு அந்தத் தொகுதியில் இருந்திருக்காது. அந்தத் தேர்தலில் தி.மு.க. – த.மா.கா. கூட்டணிக்கு ஆதரவாக ரஜினிகாந்த் பேசியது தமிழ்நாடு முழுக்க எடுபட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் அதே ரஜினிகாந்த் பா.ம.க.வை வெளிப்படையாக எதிர்த்தார். தர்மபுரியில் பா.ம.க.வின் ஆர்.செந்தில் வென்றார். நடிகர் அதே நடிகர்தான். 1996-ல் ஆட்சி மேல் ஏற்கெனவே கோபமாக இருந்தவர்களுக்கு அவர் பேச்சு ஒத்துப்போனது. 2004-ல் கூட்டணி பலமும் உள்ளூர்க் கணக்கும் வேறு பக்கம் நின்றன.

ஆனால் நடிகர் மேடையில், எட்டத்தில் நின்றவர். செல்வாக்காளர் அப்படியல்ல. பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு "என்னண்ணா, இன்னைக்கு என்ன ரேட்டு?" என்று ஆரம்பிக்கிற ஒரு ரீலை எடுத்துக்கொள்ளுங்கள். விலை இல்லை, ஆள் கூலி கூடக் கட்டுப்படியாகவில்லை என்று அரை நிமிடம் பேச்சு. எல்லாம் உண்மைதான். கடைசி மூன்று விநாடி ஒரு தலைவரின் படம், பின்னணியில் ஒரு கட்சிப் பாட்டு. பிளஸ் டூ முடித்து முதல் ஓட்டுப் போடப்போகும் பிள்ளைக்கு அது பிரச்சாரமாகத் தெரிவதில்லை, நம்ம அண்ணன் பேசுகிறார் என்றுதான் தெரிகிறது. அதை நின்று பார்த்தால், அதே மாதிரி அடுத்தது தானாக வந்து நிற்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் மாநிலத்திலேயே அதிக வாக்குப்பதிவு தர்மபுரியில்தான், 81 சதவீதத்துக்கு மேல். ஓட்டுப் போடு என்று இங்கே யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. யார் சொல்லைக் கேட்டுப் போடுகிறோம் என்பதுதான் என் கவலை.

சுவரில் ஒட்டுகிற தேர்தல் நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சமூக ஊடக விளம்பரத்துக்கும் முன் அனுமதி வேண்டும், அதன் செலவு வேட்பாளர் கணக்கில் ஏற வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2013-லேயே சொல்லிவிட்டது. சரி, ஒருவர் ரகசியமாகக் காசு வாங்கிக்கொண்டு, சொந்தக் கருத்து போலப் பேசினால்? அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. சோப்புக்கும் கிரீமுக்கும் காசு வாங்கிப் பேசினால் 'விளம்பரம்' என்று பதிவிலேயே சொல்லியாக வேண்டும் என்று 2023-ல் நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் தந்தது. அது பொருள்களுக்கும் சேவைகளுக்கும் மட்டும்தான். முகத்துக்குப் பூசுகிற கிரீமுக்கு இருக்கிற அந்தப் பாதுகாப்பு ஐந்து வருட ஆட்சியைத் தீர்மானிக்கும் ஓட்டுக்கும் வேண்டும் என்று கேட்பது நியாயம்தான்.

எழுதும்போதும் இந்த வேறுபாட்டை விடக்கூடாது. பேச்சு மக்களிடம் எடுபட்டால் செல்வாக்காளர். ஆளைத் தெரியும், அவ்வளவுதான் என்றால் பிரபலம். ஒப்பந்தம் போட்டுப் பேசுகிறவருக்கு விளம்பரத் தூதர் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கட்சியிடம் பணம் வாங்கியது உறுதியானால், 'செல்வாக்காளர் ஆதரவு' என்று தலைப்பு வைக்காமல், 'பணம் பெற்றுப் பதிவிட்டார்' என்றே எழுதலாம்.