ரயில் வராத நாளில் அத்தைக்குக் கேட்டது

குன்னூரில் அத்தை வீடு மலை ரயில் பாதைக்கு மேலே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வரும் ரயில் திருப்பத்தில் கூவியதும், கீழேயிருந்து வந்திருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடுவார்கள். அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பார், தலைகூட நிமிராது. "சத்தம் கேட்கலையா அத்தை?" என்றால் "எந்தச் சத்தம்டா?" என்பார். 1899-லிருந்து குன்னூருக்கு வரும் ரயில் அது. அத்தை கல்யாணமாகி வந்து நாற்பது வருஷம் ஆகிறது.

ஒரு ஐப்பசி மழையில் பாதையில் மண் சரிந்து ரயிலை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் யாருக்கும் அது தெரியாது. பத்து மணி வாக்கில் அத்தை கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்னமோ மாதிரி இருக்கே, இன்னைக்கு ரயில் போகலையா?"

தினமும் வந்தபோது கேட்காத சத்தம், வராத அன்றைக்கு எப்படிக் கேட்டது?

"காது மரத்துப்போச்சு" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மரத்துப்போன காதுக்கு ரயில் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். அத்தை நிமிர்ந்தார் என்றால், அவர் மூளைக்குள் ஏதோ ஒன்று அந்தச் சத்தத்தை எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கிறது என்றுதானே பொருள்? சோவியத் விஞ்ஞானி எவ்கேனி சொக்கோலோவ் இதைத்தான் சோதனைக்கூடத்தில் பார்த்தார். ஒரே ஒலியைச் சீராகத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால், உடல் காட்டும் விழிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். நடுவில் ஒரு முறை அந்த ஒலியை விட்டுவிட்டால், ஒன்றுமே ஒலிக்காத அந்த நொடியில் விழிப்பு திரும்பி வரும். மூளை தனக்குள் ஒலியின் மாதிரி ஒன்றை வரைந்து வைத்திருக்கிறது. வருவது அதோடு பொருந்தினால் சும்மா இருக்கிறது, பொருந்தாவிட்டால் எழுந்துகொள்கிறது என்றார் அவர்.

நினைவு என்றால் முயன்று ஞாபகப்படுத்திக்கொள்வது என்று பழகிவிட்டோம். அத்தை எதையும் ஞாபகப்படுத்திக்கொள்ளவில்லை. நமக்கே தெரியாமல் உள்ளே இருந்துகொண்டு நம் நடத்தையை மாற்றும் இந்த வகைக்கு 'உள்ளுறை நினைவு' என்று பெயர் சொல்லலாம். அதில் ஆக எளிமையானது, திரும்பத் திரும்ப வருவதற்குப் பழகிப்போவது.

எளிமை என்றால் எவ்வளவு எளிமை? இதற்குப் பெரிய மூளைகூடத் தேவையில்லை. நரம்பியல் விஞ்ஞானி எரிக் கேண்டல் ஏப்ளிசியா என்ற கடல் நத்தையை எடுத்துக்கொண்டார். அதற்குச் சுமார் 20,000 நரம்பணுக்கள்தான். அதன் நீர்க்குழலை லேசாகத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொண்டே இருந்தால் இழுப்பது குறைந்துவிடும். கேண்டல் நரம்புக்குள் போய்ப் பார்த்தார். தொடுதலை உணரும் நரம்பணு, தசையை இயக்கும் நரம்பணுவுக்கு ஒரு வேதிப்பொருளை உமிழ்ந்து சேதி சொல்கிறது. திரும்பத் திரும்பத் தொடும்போது அந்த உமிழ்வு குறைந்துபோகிறது. சேதி வந்து சேர்கிறது, கைமாறும் இடத்தில் மெலிகிறது. இது களைப்பு இல்லையா என்று கேட்கலாம். வாலில் ஒரு சின்ன மின் அதிர்ச்சி கொடுத்தவுடன், அடங்கியிருந்த செவுள் மறுபடி நன்றாக இழுத்துக்கொள்கிறது. களைத்துப்போன தசை அப்படிச் செய்யாது. தொடர்ந்து சில நாள் பயிற்சி கொடுத்தால் இந்தப் பழக்கம் மூன்று வாரம்கூட நிற்கிறது. நரம்பணுக்களுக்கிடையிலான இணைப்புகளின் எண்ணிக்கையே குறைந்துவிடுகிறது. நினைவு பற்றிய இந்த ஆய்வுகளுக்காக 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் மூளையில் இதே கதை பல மாடிகளில் நடக்கிறது. ஒரு படத்தை முதல் முறை காட்டும்போது பார்வைப் புறணியின் (பார்ப்பதைக் கவனிக்கும் மூளை மேலடுக்கின்) நரம்பணுக்கள் பலமாகத் துடிக்கும். நடுவில் வேறு படங்களைக் காட்டிவிட்டு அதே படத்தை மறுபடி காட்டினால் துடிப்பு குறைந்திருக்கும். குரங்குகளின் மூளையில் ராபர்ட் டெசிமோன் குழுவினர் 1990-களில் இதை அளந்தார்கள். மனிதரை, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்தாலும் இதுதான் தெரிகிறது. வேடிக்கை என்னவென்றால், மூளை குறைவாக வேலை செய்யும் இரண்டாம் முறையில்தான் நாம் படத்தைச் சீக்கிரமாக அடையாளம் காண்கிறோம்.

ஏன் குறைகிறது என்பதில் ஒரே கருத்து இல்லை. பொருந்தாத நரம்பணுக்கள் விலகிக்கொண்டு, பொருத்தமானவை மட்டும் மிஞ்சுகின்றன என்கிறார்கள் சிலர். முதல் நாள் கொழுந்து பறிக்க வந்தவர் செடியின் எல்லா இலையையும் பார்ப்பார். பழகியவர் கண்ணுக்கு இரண்டு இலையும் மொட்டும் மட்டும்தான் படும், அதுபோல. அடுத்து வருவதை மூளை முன்கூட்டியே ஊகித்துவிடுவதால் மிச்சம் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை என்கிறார்கள் வேறு சிலர். அத்தையைப் பார்த்தவன் என்ற முறையில் நான் இந்த இரண்டாம் கட்சி. படம் திரும்ப வரும் என்று எதிர்பார்க்கவைத்தால் துடிப்பு இன்னும் அதிகமாகக் குறைகிறது என்று 2008-ல் வந்த ஓர் ஆய்வும் இந்தக் கட்சிக்குத் துணை.

சரி, இது உண்மையிலேயே வேறு வகை நினைவுதானா? ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர்தான் பெரிய சாட்சி. வலிப்பு நோய் தீர வேண்டும் என்று 1953-ல், அவருடைய 27 வயதில், மூளையின் இரு பக்கமும், புது நினைவுகள் பதிய உதவும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியையும் சுற்றியிருந்த பகுதிகளையும் வெட்டியெடுத்தார்கள். அதன் பிறகு சற்று முன் நடந்தது எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் விட்டுவிட்டு வரைந்த கோடுகளாலான படங்களைக் காட்டினார். முதலில் ஒன்றிரண்டு கோடு, பிறகு கொஞ்சம் கூட, கடைசியில் முழுப்படம். ஒரு மணி நேரம் கழித்து அதே படங்களைக் காட்டியபோது, முன்பு அவற்றைப் பார்த்த ஞாபகமே மொலைசனுக்கு இல்லை. ஆனால் குறைவான கோடுகளிலேயே பெயரைச் சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் எனக்கு மிகவும் பிடிக்கும். சோதனைக்கூடத்தில் சில நொடி படங்களைப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு, 17 வருஷம் கழித்து அதே படங்களின் துண்டுகளைத் தபாலில் அனுப்பினார் உளவியலாளர் டேவிட் மிட்செல். பார்க்காத படங்களைவிடப் பார்த்த படங்களை அவர்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள். அப்படி ஒரு சோதனைக்குப் போனதே ஞாபகமில்லாதவர்களும் அதில் உண்டு.

பழகிப்போவது எப்போதும் நல்லது என்று சொல்லமாட்டேன். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்குள் காட்டுமாடு நின்றால் இப்போதெல்லாம் யாரும் நிற்பதில்லை; மாடும் ஹாரனுக்கு நகர்வதில்லை. இரண்டு பக்கமும் 'ஒன்றும் ஆகாது' என்று மூளை எழுதி வைத்துவிட்டது. கன்றோடு நிற்கும் மாடு அந்தக் கணக்கில் சேராது. கூடலூரில் யானைக்குப் பட்டாசு வெடிக்கிறவர்களைக் கேட்டால், அது எத்தனை நாளில் பழகிவிடுகிறது என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

பழக்கப்படுதலின் இயல்புகள் என்று 1966-ல் ரிச்சர்ட் தாம்சனும் வில்லியம் ஸ்பென்சரும் ஒன்பதைக் குறித்து வைத்தார்கள். தூண்டல் சில காலம் நின்றுபோனால் பழைய மறுமொழி தானாகத் திரும்பும் என்பது அதில் ஒன்று. மறுபடி தொடங்கினால் முன்னைவிட வேகமாக அடங்கும் என்பது இன்னொன்று.

மண்ணை அள்ளிப் பாதையைச் சரிசெய்து ரயில் விட மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. முதல் நாள் கூவல் கேட்டதும் அத்தை ஈரக்கையோடு ஜன்னலுக்கு வந்து, புகை மறையும் வரை நின்று பார்த்தார். மறுநாள் அடுப்படியிலிருந்தே எட்டிப் பார்த்தார். நான்காம் நாள் நான் "அத்தை, ரயில்!" என்றேன். பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்கே?" என்றார்.