சட்டத்தின் பொன்நிறம் ஏன் பச்சையாகிறது?

மும்பை மாட்டுங்காவின் பழைய தமிழ் வீடுகளில் பூஜை அறைப் படங்களைக் கவனியுங்கள். தஞ்சாவூர் ஓவியத்தின் தங்க ரேக்கு, அதாவது அடித்து மெலிதாக்கிய தங்கத் தகடு, மின்னிக்கொண்டிருக்கும். சுற்றியுள்ள மரச்சட்டமோ பழுப்பேறி, மூலைகளில் பச்சை பூத்திருக்கும். சட்டத்துக்குப் பூசியது கடையில் வாங்கிய பொன்நிறப் பெயிண்ட். பெரும்பாலும் அதில் இருப்பது தங்கமல்ல, வார்னிஷில் கலந்த பித்தளைத் துகள்.

துகள் என்றாலும் ஒவ்வொன்றும் மெல்லிய செதில். ஸ்டீயரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் தடவிய செதில்கள் ஈரப் பெயிண்டின் மேற்பரப்புக்கு மிதந்து வந்து, மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொள்கின்றன. ஒளி ஒரே திசையில் திரும்புவதால்தான் பளபளப்பு. பாதி காய்ந்த இடத்தில் மறுபடி தூரிகையை ஓட்டினால் செதில்கள் தாறுமாறாக நிமிர்ந்து, அந்த இடம் மங்கிவிடும். விலை உயர்ந்த டப்பாவை வாங்குவதைவிடக் கையை அடக்குவதே நல்ல பலன் தரும்.

பச்சைக்குக் காரணம் பித்தளையில் உள்ள செம்பு. செதில்களின் மொத்தப் பரப்பு மிக அதிகம். எண்ணெய் வார்னிஷின் அமிலமும், மும்பையின் உப்பு கலந்த ஈரக்காற்றும் செம்பைத் தின்று பச்சை உப்புகளாக்குகின்றன.

ரேக்கு வேறு வகை. அடித்த தங்கத்தின் தடிமன் சுமார் 0.1 மைக்ரோமீட்டர், விளக்குக்கு எதிரே பிடித்தால் பச்சை கலந்த நீல ஒளி ஊடுருவும். தொடர்ச்சியான தகடு என்பதால் ஒளியைச் சிதறவிடாது. அதே காரணத்தால் அடியிலுள்ள ஒவ்வொரு கீறலையும் காட்டிக்கொடுக்கும். ஆகவே சட்டத்துக்கு ரேக்கு ஒட்டுவதானால், பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்ப்பதில்தான் பாதி வேலை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். அடிப்பூச்சுக்குச் செம்மண் நிறம் நல்லது: ரேக்கின் விரிசல்களில் அது எட்டிப்பார்க்கும்போது தங்கத்துக்கு வெதுவெதுப்பான சாயல் கிடைக்கிறது.

ரேக்கு ஒட்டும் பசையைப் பூசி, விரல் முட்டியால் தொட்டால் ஒட்டுகிற, ஆனால் கறை படாத பதம் வரும்வரை பொறுக்க வேண்டும். ஈரமாக இருந்தால் ரேக்கு மங்கும், காய்ந்துவிட்டால் ஒட்டாது. மழைக்காலத்தில் நீர்ப்பசை இந்தப் பதத்துக்கு வர அதிக நேரம் எடுக்கும். மலிவான போலி ரேக்கும் பித்தளைதான். அரக்கு வார்னிஷ் பூசிக் காற்றைத் தடுக்காவிட்டால் அதுவும் கறுக்கும். அசல் தங்கத்துக்கு அந்தக் கவலை இல்லை.

தேய்க்கத் தொடங்குமுன் சட்டத்தின் பின்மூலையைச் சோதியுங்கள். பெயிண்டுக்கு அடியில் பழைய அசல் தங்கப்பூச்சு இருந்தால், உப்புத்தாளை மட்டுமல்ல, ஈரத்துணியையும் தள்ளி வையுங்கள்: அந்தக் காலத்து விலங்குப் பசை நீரில் கரைந்து, தங்கமும் துணியோடு வந்துவிடும்.